கையை அளந்து வாங்க வேண்டிய கருவி

சென்னையின் மேற்குப் பகுதியான பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா, தமது 16-ஆம் வயதில், 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில், அப்பொழுது உலகச் சதுரங்க சாம்பியனாயிருந்த மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு ஆடி 39 நகர்த்தல்களில் வென்ற செய்தியைப் படித்துப் பெருமிதம் கொள்ளாத தமிழர் அரியர். ஆனால் அந்த ஆட்டம் மரப்பலகையின்மேல் நடைபெற்றதன்று, இணையத்தின் வழியே கணினித் திரையில் நடைபெற்றது என்பதைப் பெருமிதம் கொண்டவர்களுள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இத்தகைய ஆட்டங்களில் ராணியைத் தூக்கி வைப்பது பெரும்பாலும் மவுஸ்தான். மனம் ஒரு கட்டத்தைக் குறித்திருக்க, பழுதுற்ற மவுஸ் காயை அதற்கு முந்தின கட்டத்திலேயே நழுவவிட்டால், ஆடுகிறவருடைய மேதாவிலாசம் எவ்வளவு பெரியதாயினும் போன காய் போனதுதான். 'மவுஸ் ஸ்லிப்' என்று இணையச் சதுரங்கக்காரர்கள் நொந்து சொல்வது இதைத்தான்.

ஆகவே, கணினி விளையாட்டுக்கு மவுஸ் தேர்ந்தெடுப்பது விளையாட்டான விஷயமன்று. 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இ-ஸ்போர்ட்ஸ் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய பந்தயமாயிற்று. 2025-இல் நமது பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அவற்றினின்றும் வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. சென்னையின் புறநகர்களாகிய வேப்பம்பட்டிலும் செவ்வாப்பேட்டையிலும் திருநின்றவூரிலும், பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிள்ளை தகப்பனாரிடம் வந்து, "அப்பா, ஒரு கேமிங் மவுஸ் வேணும்ப்பா" என்று இழுக்கும்போது, தகப்பனார் விலையைப் பார்த்துத் திகைக்கிறார். பிள்ளையோ பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்து மயங்குகிறான். இருவரும் பார்க்க வேண்டியது பிள்ளையின் வலது கையை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தின் முன்னும், ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர் மேஜையின் முன்னும் நின்று உழைத்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை: கைக்குப் பிடிபடாத அரம் எந்தக் கம்பெனியுடையதாயிருந்தும் என்ன பயன்?

இந்தச் சாதனத்தின் பூர்வீகமே கையோடு செய்துகொண்ட சமாதானத்தில்தான் ஆரம்பமாகிறது. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் கருதிய வண்ணம் பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர் செய்து கொடுத்த முதல் மவுஸ், ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். கம்பி முதலில் மணிக்கட்டுப் பக்கமாகவே வெளிவந்தது; அது கைக்கு இடைஞ்சல் என்று கண்டவுடன் எதிர்ப்பக்கமாக மாற்றிவிட்டார்கள். பிறகு ஐந்து பொத்தான்கள் வரையில் வைத்துப் பார்த்து, இடம் போதாமல் மூன்றோடு நின்றார்கள். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் அறிஞர் சபையின் முன்னே எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். பின்னர்ச் சக்கரங்களின் ஸ்தானத்தில் ரப்பர் உருண்டை வந்தது. பிரவுசிங் சென்டர்களில் அந்த உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டியவர்களுக்கு அந்தக் காலம் நன்கு ஞாபகமிருக்கும். 1999-க்குப் பிறகு உருண்டையும் விடைபெற்று, ஒளியால் இயங்கும் மவுஸ் வீடுதோறும் பரவிற்று.

இன்றைய மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு மிகச் சிறிய காமிரா. அடியிலிருந்து ஒரு விளக்கு மேஜைப்பரப்பின்மீது ஒளியைப் பாய்ச்ச, அந்தக் காமிரா வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேற்றுமையிலிருந்து கை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் சென்றது என்று கணக்கிடுகிறது. ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கைகளாக அதனைக் கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதே டி.பி.ஐ. எனப்படுவது. கடைகளில் நடக்கும் சம்பாஷணை முக்கால்வாசி இதனைப் பற்றியதுதான்.

"அண்ணா, இதுல டி.பி.ஐ. எவ்ளோ?"

"இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு, தம்பி. ஹை எண்டு இது."

இந்தப் பேரெண்ணுக்குப் பிரயோஜனம் என்ன என்று சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகள் இருக்கின்றன. 800 டி.பி.ஐ.யில் வைத்தால், கையை 2.4 அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும். இது கைக்கு இயல்பான தூரம். 16,000-இல் வைத்தாலோ ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டரில் அதே பிரயாணம் முடிந்துவிடும். 25,600-இல் இரண்டு மில்லிமீட்டர் கூட வேண்டாம். மூச்சு விட்டால் அம்புக்குறி ஓடிவிடும் நிலையில் எவர்தாம் குறி பார்க்க முடியும்? கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற துப்பாக்கி ஆட்டங்களில் பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் 400, 800, மிஞ்சினால் 1,600 என்ற அளவிலேயே ஆடுகிறார்கள். எண் பெரிதாயிருப்பதனால் தீமை ஒன்றுமில்லை. நாம் குறைத்து வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணுக்காகக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுப்பதுதான் அநியாயம்.

டி.பி.ஐ. தனித்து நின்று பேசுவதும் இல்லை. ஆட்டத்துக்குள்ளே 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு பெருக்கல் இருக்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக்கில் 800 டி.பி.ஐ.யோடு சென்சிட்டிவிட்டியை 1 என்று வைத்தால், ஆட்டத்திலுள்ள வீரன் தன்னைத்தானே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரக் கையை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். இப்பொழுது நமது வீடுகளின் கணினி மேஜையை நினைத்துப் பாருங்கள். கீபோர்டுக்கென்று இழுத்து மூடும் ஒரு தட்டு. அந்தத் தட்டில் கீபோர்டுக்குப் பக்கத்தில் மவுஸுக்கு மிஞ்சுவது ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணில் 52 சென்டிமீட்டர் எங்ஙனம் அடங்கும்? பிள்ளை மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தே களைத்துப்போவான். ஆகையால் மவுஸுக்குப் பணம் ஒதுக்குமுன், கீபோர்டையும் மவுஸையும் அந்தத் தட்டிலிருந்து மேஜையின்மேல் ஏற்றி, ஒன்றரை அடி அகலமுள்ள துணிப்பரப்பு மவுஸ் பேடு ஒன்றை விரிப்பது விவேகம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் அந்த விரிப்பு, சில ஆயிரங்களில் வரும் மவுஸைவிட ஆட்டத்தைத் திருத்தும் என்பது என் திடமான அபிப்பிராயம். மேஜையே சிறியதென்றால் சென்சிட்டிவிட்டியைச் சற்று ஏற்றி வைத்துப் பழக வேண்டியதுதான். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இனி உருவமும் எடையும். ஆட்டக்காரரின் சௌக்கியத்தை நிர்ணயிப்பவை இவையே. பெட்டியின்மேல் மிகச் சிறிய எழுத்தில் அச்சாவனவும் இவையே. மணிக்கட்டின் மடிப்பு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரையில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிறிய கை, 20-க்கு மேற்பட்டால் பெரிய கை என்பது பொதுவான கணக்கு. பிறகு பிள்ளை மவுஸை எப்படிப் பிடிக்கிறான் என்று அவனறியாமல் கவனியுங்கள்: உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் சாய்த்து வைப்பவர் உண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தை மட்டும் பதித்து விரல்களைக் கொக்கியாக வளைப்பவர் உண்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனிகளாலேயே நகர்த்துபவரும் உண்டு. முதல் வகையார்க்கு முதுகு உயர்ந்த, நீண்ட மவுஸ் பொருந்தும். மூன்றாம் வகையார்க்குத் தாழ்ந்ததும் இலேசானதும் வேண்டும்.

உதாரணத்துக்கு, கம்பியுள்ளவையும் இங்கே தாராளமாகக் கிடைப்பவையுமான இரண்டினை எடுத்துக்கொள்வோம். லாஜிடெக் ஜி502 ஹீரோ என்பது 13 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், 121 கிராம் எடை, நிரல் செய்யத்தக்க 11 பொத்தான்கள் உடையது; கட்டைவிரலுக்கென்று இடப்பக்கத்தில் ஒரு மேடை இருப்பதனால் வலக்கைக்காரருக்கே உரியது. அதன் அடிமூடியைத் திறந்தால், தலா 3.6 கிராம் உள்ள ஐந்து எடைக்கற்களை விருப்பம்போல் பொருத்தி, 139 கிராம் வரையில் பாரத்தை ஏற்றிக்கொள்ளலாம். அதே கம்பெனியின் ஜி102 என்பதோ 11.7 சென்டிமீட்டர் நீளமும், 85 கிராம் எடையும், ஆறு பொத்தான்களுமாக முடிந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் நடுத்தரமான கைக்கு இரண்டாவதே அடக்கமாயிருக்கும். முதலாவது, பெரிய கையோடு, பல ஆயுதங்களையும் மந்திரங்களையும் ஏககாலத்தில் ஆள வேண்டிய ஆட்டங்களை ஆடுபவருக்கு உகந்தது.

எடைக்கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பாரமான மவுஸே உசத்தி என்று எண்ணி, கற்களைச் சிறு டப்பாவில் போட்டு விற்றார்கள். 2019-ஐ ஒட்டி அந்த ருசி தலைகீழாக மாறி, ஓட்டில் தேனடைபோல் துளைகளைப் போட்டு 67 கிராமுக்கு இறக்கிய குளோரியஸ் மாடல் ஓ போன்றவை புகழ் பெற்றன. முன்பு எடையைக் கூட்டுவதற்கு விலை கொடுத்தோம். இப்பொழுது குறைப்பதற்குக் கொடுக்கிறோம். பாரம் குறைந்தால் விரைவில் திருப்பலாம், மணிக்கட்டும் நோகாது என்பது மெய்யே. ஆனால் மனைப்பிரிவுகளில் ஓயாமல் வீடு எழும்பிக்கொண்டும், தெருவில் எம்-சாண்டு கொட்டிக்கொண்டும் இருக்கிற வேப்பம்பட்டு போன்ற ஊரில், துளை போட்ட மவுஸ் வாரக்கணக்கில் சேர்க்கும் தூசியை நினைத்தால் மூடிய ஓடே எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

பொத்தான்களை நம் இஷ்டப்படி மாற்றியமைப்பதுதான் இவ்வகை மவுஸின் விசேஷம் என்று விளம்பரங்கள் கூறும். அது உண்மையே என்றாலும், உண்மையில் பழக்கத்துக்கு வருபவை மிகச் சில. கட்டைவிரலின் கீழுள்ள இரண்டு பொத்தான்கள், சக்கரத்தின் அழுத்தம், டி.பி.ஐ.யை மாற்றும் ஒரு பொத்தான் ஆகிய இந்த நான்கிற்கும் வேலை கொடுத்தாலே துப்பாக்கி ஆட்டக்காரருக்குப் போதும். பக்கவாட்டில் 12 பொத்தான்களை அடுக்கிய ரேசர் நாகா போன்றவை, எண்ணற்ற பேர் ஒருங்கே கூடி ஆடும் நெடுங்கதை ஆட்டங்களுக்காகப் பிறந்தவை. முதலில் ஒரே ஒரு பொத்தானுக்குப் புதிய வேலையைக் கொடுத்து, விரல் அதனை யோசியாமல் நாடும் வரையில் பொறுத்திருந்து, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே நாளில் பதினொன்றையும் மாற்றியவன் மறுநாளே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவான்.

இந்த ஏற்பாடுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதைக் கேட்டு வாங்குவது அவசியம். சில மவுஸ்களில் அவை கணினியிலுள்ள மென்பொருளில் மட்டுமே தங்கும்; சிலவற்றில் மவுஸுக்குள்ளேயே நினைவகம் உண்டு. அண்ணன் லேப்டாப்பில் ஒரு நாள், கல்லூரி நண்பன் வீட்டில் ஒரு நாள், கேமிங் சென்டரில் ஒரு நாள் என்று திரியும் பிள்ளைக்கு இரண்டாம் வகையே ஏற்றது. செருகிய இடத்தில் அவனுடைய அமைப்புகள் தயாராக இருக்கும். அரசு இலவசமாக வழங்கிய பழைய லேப்டாப்பிலே விண்டோஸோடு கூடவே வந்த பாஸ் லினக்ஸில் ஆடிப் பார்க்கும் ஆர்வமுள்ளவர்களுக்கும், மென்பொருளின் தயவை நாடாத மவுஸே கைகொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பத்துக் காரியங்கள் வரிசையாய்த் தாமே நடக்கும்படி அமைக்கும் 'மேக்ரோ' வித்தை, தனியே ஆடுகையில் ஆட்சேபத்துக்குரியதன்று. போட்டியாட்டங்களிலோ மோசடியாகவே கருதப்படும். துப்பாக்கியின் பின்னுதைப்பைத் தானாகச் சமன் செய்யும் நிரல்களை நம்பி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த கணக்கைப் பறிகொடுத்த பிள்ளைகள் அநேகர். 2024 ஆகஸ்டில் கவுண்டர்-ஸ்டிரைக் 2-ஐ நடத்தும் வால்வ் நிறுவனம், கீபோர்டிலே ஒரு விசையால் பல செயல்களைத் தானியங்கியாக்கும் ஏற்பாடுகளையும் விலக்கிவிட்டது. ஒரு விரல் அழுத்தத்துக்கு ஒரு செயல் என்ற நேர்மையோடு நிற்பது நல்லது.

கம்பியைப் பற்றி இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது. கம்பியில்லா மவுஸ் தாமதிக்கும் என்பது பழைய நியாயம். சென்ற பத்தாண்டுகளில் உயர்ந்த ரகங்கள் அந்தக் குறையைப் போக்கிக்கொண்டன. ஆனால் அந்த உயர்ந்த ரகத்தின் விலையில் பாதிக்கும் குறைவாக, அதே கூர்மையுள்ள கம்பி மவுஸ் கிடைக்கிறது. சார்ஜ் போட மறந்து பாதி ஆட்டத்தில் அணைந்துபோகும் பயமும் இல்லை. அலுவலக மவுஸ் வினாடிக்கு 125 தடவை, அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை, தன் இருப்பிடத்தைக் கணினிக்குச் சொல்ல, விளையாட்டு மவுஸ் 1,000 தடவை சொல்கிறது. அதற்கும் மேலே 8,000 என்று விற்பது, 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்திருப்பவருக்கு வீண் செலவு. அந்தத் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒரு தடவைதான் தன் படத்தை மாற்றுகிறது. கம்பியின் தொல்லை இழுபறி ஒன்றே. மேஜை விளிம்பில் அது உரசி இழுக்காதபடி, திரைக்கு அடியில் சிறிது தொய்வு விட்டு ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. மவுஸையே சுற்றிக் கம்பியை இறுகக் கட்டி வைக்கும் பழக்கம் கூடாது. முகப்பில் கம்பி நுழையும் இடத்தில்தான் உள்ளிழைகள் முதலில் அறும்.

பெரும்பாலான விளையாட்டு மவுஸ்களின் முடிவு காமிராவாலும் வருவதில்லை, கம்பியாலும் வருவதில்லை. இடது பொத்தானின் அடியிலிருக்கும் சிறிய மைக்ரோ சுவிட்சால் வருகிறது. அதனுள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று, ஒவ்வொரு கிளிக்குக்கும் வளைந்து தொட்டு விலகுகிறது. இரண்டு கோடி, ஐந்து கோடி கிளிக்குகளுக்கு உழைக்கும் என்று செய்பவர்கள் கூறினாலும், தொடுமுனைகள் தேய்ந்தோ, ஈரக்காற்றில் களிம்பேறியோ போய்விட்டால், ஒரு தொடுகை இரண்டாக எண்ணப்படும். காயைப் பிடித்து இழுக்கும்போது பிடி நடுவிலே விட்டுப்போகும். முதலில் நாம் பார்த்த மவுஸ் ஸ்லிப்புக்கு ஆடுகிறவனே அறியாத ஒரு காரணம் இது. உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் மாற்றிக் கேட்கலாம். அது கடந்துவிட்டால் மவுஸைத் தூக்கி எறிய வேண்டாம். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த எந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கும் பழைய சுவிட்சை எடுத்துப் புதியதை வைத்துவிடுவார். தகடுகள் தொடாமல் ஒளிக்கதிரால் அறியும் சுவிட்சுள்ள மவுஸ்களும் இப்பொழுது வருகின்றன. சற்று அதிக விலையாயினும், நாளெல்லாம் கிளிக் செய்பவருக்கு அவை உசிதம்.

வாங்குமிடத்துக்கு வருவோம். வேப்பம்பட்டிலிருந்து புறநகர் ரயிலில் மூர் மார்க்கெட் நிலையத்துக்குச் சென்று, சென்ட்ரலில் மெட்ரோ ஏறி அடுத்த நிலையமாகிய அரசினர் தோட்டத்தில் இறங்கினால், கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். ரயில் திருநின்றவூரைக் கடக்கும்போது, கல்லையும் பொன்னையும் எதிர்பாராமல் மனத்துக்குள்ளேயே கோயிலைக் கட்டி முடித்த அவ்வூர்ப் பூசலார் நாயனாரை நினைத்துக்கொண்டு, எந்த ஆட்டம், எந்தக் கையளவு, எவ்வளவு பணம் என்பவற்றை மனத்துக்குள் கட்டி முடித்துவிடுவது உத்தமம். ரிச்சி தெருவின் சந்துகளில் நுழைந்த பிறகு யோசிக்க அவகாசம் கிடைக்காது. இணையத்தில் வாங்குவது சுலபமே. என்றாலும் கடையில் மாதிரியை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரல் இரு பக்கப் பொத்தான்களையும் நீட்டாமல் எட்டுகிறதா, சுண்டுவிரல் மேஜையில் தேய்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் உண்டு. சென்னையையே தலைமையிடமாகக் கொண்ட ஜீப்ரானிக்ஸின் மலிவான மவுஸ்கள், பழகிப் பார்க்க விரும்பும் புதியவர்க்குக் குறைவில்லாதவை. பெரிய பெயருள்ளவற்றில் போலிகளும் கலந்திருக்கலாமாதலால், அடிப்பாகத்து வரிசை எண் பெட்டியிலுள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்து, பில் இல்லாமல் நகரக் கூடாது.

முதல் மவுஸ் வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: கைக்கு அடங்கிய, நூறு கிராமுக்குட்பட்ட, ஆறு பொத்தானுள்ள, உள்நினைவகம் வாய்ந்த கம்பி மவுஸ் ஒன்று, சுமார் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள், மிச்சப் பணத்தில் அகலமான விரிப்பு. ஓராண்டு ஆடிய பிறகும் ஆறு பொத்தான்கள் போதவில்லை என்று பிள்ளை சொல்வானேயாகில், அப்பொழுது பதினொன்றைப் பற்றிப் பேசலாம். ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை முற்பகலில் போவது நலம்.